பங்குனி வெயிலில் தனியாக ஒரு நாள்: குமரிக் குளங்களிலும் உப்பளத்திலும் பறவை பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் முதல் ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். தேரூர், சுசீந்திரம், புத்தளம் உப்பளம், மணக்குடி என்று ஒரு சுற்று. கூட யாரும் வரவில்லை. மறுநாள் நாகர்கோவிலில் என் ஜெராக்ஸ் கடையில் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நகல் எடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். அதனால் இந்தத் தடவை பதிலை எழுதியே வைத்துவிட்டேன்.

சீசன் டிசம்பர், ஜனவரிதானே? ஏப்ரலில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஏப்ரலுக்குள் ஊசிவால் வாத்துகளில் பெரும்பாலானவை போய்விட்டிருக்கும். நீலச்சிறகி வாத்து கொஞ்சம் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஜனவரியில் நம் வயலிலும் சேற்றிலும் நிற்கிற உள்ளான், உப்புக்கொத்தி வகைகள் எல்லாம் ஒரே சாம்பல், ஒரே பழுப்பு. நனைந்த சாக்கு மாதிரி இருக்கும். எது எது என்று பிரிப்பதற்குள் தலை வலித்துவிடும்.

பங்குனி பிறந்ததும் அதே பறவைகள் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி உடுத்திக்கொண்டு நிற்கின்றன. தங்க உப்புக்கொத்திக்குக் கன்னத்திலிருந்து வயிறு வரை கரி பூசியது போலக் கறுப்பு ஏறுகிறது. மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, கன்னத்தில் வெள்ளைக்கோடு, வயிற்றில் மழைமேக நிறம். கருவால் மூக்கனின் கழுத்து செங்கல் நிறமாகிறது. ஜனவரியில் இவற்றை உங்களுக்குக் காட்டியிருந்தால் ‘கொக்குக் குஞ்சா?’ என்று கேட்டிருப்பீர்கள்.

ஊர்ப்பறவைகளும் இதில் சேர்த்தி. நம் வயல் உண்ணிக்கொக்கு தலையும் கழுத்தும் மஞ்சள் பூசிக்கொள்ளும் மாதம் இது. மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். டிராக்டர் பின்னால் நடக்கிற உண்ணிக்கொக்கை ஏப்ரலில் ஒருமுறை நின்று பாருங்கள், அவ்வளவு போதும்.

உடை மாற்றுவது என்றால் என்ன? ஒரே நாளில் மாறிவிடுமா?

மாறாது. பழைய இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து அந்த இடத்தில் புதிது முளைக்கும். வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஏப்ரலில் பார்க்கிற பறவைகளில் பலவும் பாதி வேலையில் நிற்கும்.

அன்று சாயங்காலம் புத்தளத்தில் ஒரு வளைமூக்கு உள்ளானைப் பதினைந்து அடி தூரத்தில் வைத்துப் பார்த்தேன். நான் வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அது தானாகவே நெருங்கி வந்தது. மார்பில் அங்கங்கே நாலு, ஐந்து செங்கல் நிற இறகுகள், நடுவில் பழைய வெள்ளை. சுவருக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்துவிட்டு பெயின்டர் சாயா குடிக்கப் போய்விட்ட மாதிரி. முதுகில் புதிதாக முளைத்த இறகுகளின் ஓரம் மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது. நுனி கீழே வளைந்த கறுப்பு அலகைச் சேற்றில் தையல் மெஷின் ஊசி போலக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டே போனது. ஒருமுறை என் செருப்பு நிழல் வரைக்கும் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி குத்த ஆரம்பித்தது. இருபது நிமிஷம். காலில் எறும்பு ஏறியது கூடத் தெரியவில்லை.

இவை எங்கே போகின்றன? ஏன் போகவேண்டும், இங்கேயே இருந்தால் என்ன?

வளைமூக்கு உள்ளான் போவது சைபீரியாவின் வட எல்லையில் உள்ள மரமில்லாத பனிச்சமவெளிக்கு. தங்க உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். பொரி உள்ளான் ரஷ்யாவின் வடக்கே காட்டுச் சதுப்புகளுக்கு. நீலச்சிறகி நடு ஆசியா, ரஷ்யா. கொசு உள்ளானின் எடை இருபத்தைந்து, முப்பது கிராம்தான். ஒரு கோழிமுட்டையில் பாதி.

அங்கே ஜூன் மாதம் பனி உருகி, சூரியன் மறையாத பகல் வரும். கொசுவும் பூச்சியும் கோடிக்கணக்கில் பெருகும். குஞ்சு பொரித்து ஊட்ட அதைவிட நல்ல சமையலறை உலகத்தில் இல்லை. ஆனால் அது சில வாரம் மட்டுமே திறந்திருக்கும் சமையலறை. அதற்குப் பிந்திப் போனாலும் வீண், முந்திப் போனால் பனியில் பட்டினி. அதனால்தான் ஏப்ரலில் இந்த அவசரம்.

வயல் வரப்பில் ஒரு பெரியவர் இதையே என்னிடம் கேட்டார்.

“என்ன மக்களே, தனியா நிக்கிய?”

“பறவ பாக்கேன் பாட்டா.”

“இது இங்க கெடக்க குருவிதானே.”

“இல்ல பாட்டா, ரஷ்யாவுல இருந்து வந்தது.”

“ரஷ்யாவா? அங்க வயலு கெடையாதா?”

அங்கே இப்போது ஐஸ், உருகினதும் போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் என் பைனாகுலர் வழியாகப் பொரி உள்ளானைப் பார்த்தார். “செரி, நம்ம புள்ளையளும் துபாய்க்குப் போவுதுல்லா, அது மாதிரி” என்று அவரே கணக்கை முடித்துக்கொண்டார். எது சொந்த ஊர், எது துபாய் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. முட்டையிடுகிற இடம்தான் ஊர் என்பது என் கட்சி. வருஷத்தில் அதிக மாதம் சோறு தின்கிற இடம்தான் ஊர் என்பது அவர் கட்சி. யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஏன் குறிப்பாக நம் மாவட்டம்?

இதற்கு அப்பால் நிலம் இல்லை, கடல்தான். நடு ஆசிய வலசைப் பாதை என்று ஒரு வழி இருக்கிறது. சைபீரியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி இறங்கும் பறவைகளுக்கு இந்தியப் பக்கத்தில் அது முடிகிற தெற்கு நுனி நம் குளங்கள்தான். குமரித்துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குத் திரும்பும் அன்னம் சங்கப் பாட்டிலேயே வருகிறது. அந்தக் காலத்து ஆட்களும் பங்குனியில் வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரானில் ஓர் ஊர். 1971இல் அங்கே கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்துக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. சுசீந்திரம்-தேரூர் பகுதி 94.23 ஹெக்டேர், வேம்பனூர் 19.75 ஹெக்டேர். அதற்கு முன்பே, 2015இல், சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தப் பகுதியில் 250 வகைப் பறவைகள் வரை பார்க்கப்பட்டிருக்கின்றன.

இவை ஒன்றும் இயற்கை ஏரிகள் இல்லை என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மனுஷன் வெட்டிய பாசனக் குளங்கள். மடை, கரை, மறுகால் எல்லாம் உண்டு. நம் முன்னோர் நெல்லுக்கு வெட்டிய குளத்தில் சைபீரியா பறவை சாப்பிட்டுப் போகிறது.

சரியாக ஏப்ரல் தொடக்கம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நாட்காட்டியை விட வயலைப் பார்த்துத்தான். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். பேச்சிப்பாறை அணையின் பாசனச் சானலில் வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் குளம் மெல்ல வற்ற ஆரம்பிக்கும். ஓரத்தில் ஒரு சாண், இரண்டு சாண் அகலத்துக்குச் சேறு வெளியே தெரியும். நீளக்கால், நீள அலகுப் பறவைகளுக்கு இந்தச் சேறுதான் வேண்டும், ஆழத் தண்ணீரில் அவற்றுக்கு வேலை இல்லை. சித்திரையில் கோடை மழை வந்து முதல் போகமான கன்னிப்பூவுக்கு உழவு விழுந்தால் வயலிலும் இன்னொரு பந்தி.

ஆக, சானல் அடைத்ததற்கும் சித்திரை மழைக்கும் இடையில் ஐந்தாறு வாரம். சில வருஷம் மார்ச்சிலேயே மழை கொட்டிக் குளம் நிரம்பிவிடும். அந்த வருஷம் தேரூரை விட்டுவிட்டு நேராக உப்பளத்துக்குப் போய்விடுவேன்.

ஒரே நாளில் எந்த வரிசையில் போகலாம்?

காலை: தேரூர். ஆறே காலுக்குச் சூரியன் வரும், அதற்கு அரை மணி முன்னால் கரையில் இருக்கவேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

காலை ஒன்பது மணி வரை: சுசீந்திரம் குளம். கன்னியாகுமரி சாலையை ஒட்டியே இருக்கிறது, பஸ்ஸில் இருந்தே கூழைக்கடா தெரியும். வண்டிச் சத்தம் பழகிப்போன பறவைகள், அதனால் அவ்வளவாகப் பயப்படாது.

பத்திலிருந்து மூன்றரை வரை: ஒன்றும் வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுங்கள். ஆர்வக்கோளாறில் நான் இந்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்று நினைத்து ஒரு வருஷம் வாங்கிக்கட்டிக்கொண்டேன், கீழே சொல்கிறேன்.

மூன்றரைக்கு மேல்: புத்தளம் உப்பளம். ஐந்தரைக்கு மணக்குடி காயல். இருட்டும் வரை அங்கேதான்.

பஸ்ஸில் போகிறவர்கள் இந்த நாலையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடசேரியிலிருந்து தேரூர், அப்புறம் சுசீந்திரம், அதோடு திரும்பிவிடலாம். அதுவே நல்ல நாள்.

தேரூரில் என்ன பார்த்தீர்கள்?

கவிமணி பிறந்த ஊர் என்றுதான் பலருக்கும் தேரூரைத் தெரியும். எனக்கு அது இலைக்கோழி ஊர். குளத்தில் தாமரை இலை அடர்ந்த பக்கம் நீளவால் இலைக்கோழிகள் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம், அதனால் இலை அமிழாது. குளிர்காலத்தில் வால் இல்லாமல் சாதாரணமாகத் திரியும் இந்தப் பறவைக்கு இப்போது வால் வளர ஆரம்பித்திருக்கும். அன்று பார்த்த நாலில் ஒன்றுக்கு முழு நீள வால், அரிவாள் போல வளைந்து தண்ணீரைத் தொட்டும் தொடாமலும். மற்ற மூன்றுக்கும் அரைகுறை. இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் வேலை. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இதைக் கடையில் சொன்னபோது ஒரு அக்கா கைதட்டினார்.

அப்புறம் நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை. மரத்தில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து உட்கார்ந்து, கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக. மூன்று வாரம் கழித்து அந்தக் கம்பி காலியாக இருக்கும்.

பைனாகுலர் அவசியமா? எது வாங்கலாம்?

அவசியம். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கேமரா இருந்தால் கொண்டுபோங்கள், இல்லையென்றால் குறைவில்லை. கேமரா வாங்கிய வருஷம் நான் பறவையே பார்க்கவில்லை, ஸ்கிரீனைத்தான் பார்த்தேன்.

தனியாகப் பைனாகுலரோடு நின்றால் சந்தேகப்பட மாட்டார்களா?

படுவார்கள். படுவதில் தப்பும் இல்லை. நம் குளங்களில் ஆட்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். முதல் வருஷம் எதிர்க்கரையில் ஒரு நாரையைப் பார்க்கிறேன் என்று படித்துறை பக்கம் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போட்டதில் நாரையும் போய்விட்டது, மானமும் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. படித்துறை கண்ணில் படுகிற இடத்தில் பைனாகுலரை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கோணத்தில் உலகத்திலேயே அபூர்வமான பறவை இருந்தாலும் சரி.

யாராவது கேட்டால் மழுப்பாமல் கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அவர்களே காவல். மீன் குத்தகைக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் பக்குவமாகப் பேசவேண்டும். கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் அவர்கள் மீன் திருடர்களாகத்தான் பார்க்கிறார்கள். சில குளங்களில் வெடி போட்டு விரட்டுவதும் உண்டு. குத்தகைப் பணம் கட்டியவருக்குப் பறவை அழகைப் பற்றிப் பாடம் எடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

ஒரு பெண் தனியாகப் போவது பத்திரமா?

பகலில், சாலையை ஒட்டிய இடங்களில் எனக்கு இதுவரை பெரிய சிக்கல் வந்ததில்லை. “வீட்டுல யாரும் வரலியா?” என்ற கேள்விதான் ஒரு நாளைக்குப் பத்து தடவை வரும். எங்கே இருக்கிறேன் என்று தங்கைக்குப் போனில் இடம் அனுப்பிவிடுவேன். உப்பளத்தின் உள் வரப்புகளில் ஆள் வேலை செய்கிற பக்கம் மட்டும் போவேன். இருட்டின பிறகு மணக்குடியில் பாலத்துப் பக்கம், நாலு பேர் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் நிற்பேன்.

யாரும் கேட்கத் தயங்குகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை கரையில் எங்கும் கிடையாது. சுசீந்திரம் கோவில் பக்கம் அல்லது பெட்ரோல் பங்க். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

வெயிலில் என்ன ஆகிவிடப்போகிறது? நாம் பிறந்து வளர்ந்த ஊர்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு உப்பள வரப்பில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். கையில் அரை பாட்டில் தண்ணீர். தரை முழுக்க வெள்ளை, நிழல் என்று ஒரு செடி இல்லை. திடீரென்று காதுக்குள் கிர்ரென்றது, கால் தள்ளாடியது. உப்பு வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓலைச் சாய்ப்புக்குள் இழுத்து உட்காரவைத்து நீச்சத்தண்ணி கொடுத்தார்கள். “எக்கா, உப்பளத்துல வெயிலு ரெண்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு” என்றார் அதில் சின்னவர். அவர்கள் தினமும் நிற்கிற வெயில் அது. பறவை பார்க்க வந்தவள் ஒரு மணி நேரத்தில் விழுந்துவிட்டேன்.

இப்போது மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொள்வேன், கெடாது. வழியில் நுங்கு வண்டியைப் பார்த்தால் நிற்காமல் போவதில்லை, அதுவும் சீசன்தான்.

உப்புத் தண்ணீரில் பறவைக்கு என்ன கிடைக்கும்?

நிறைய. உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒரே உப்பு இல்லை. முதலில் தண்ணீரை ஏற்றித் தேக்கும் பெரிய பாத்தி, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று வெயிலில் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும். முதல் பாத்திகளில் மீனும் இறாலும் இருக்கும், நாரையும் கொக்கும் அங்கே. நடுப் பாத்திகளில் மீன் பிழைக்காது, ஆனால் உப்புநீர் இறால் என்கிற பொடிப்பூச்சியும் ஈப்புழுவும் பெருகும். போட்டிக்கு மீன் இல்லாததால் அத்தனையும் பறவைக்குத்தான். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், மணல்கொத்தி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் இங்கே. பூநாரை வந்திருந்தால் அதுவும். கடைசியில் உப்பு பூக்கிற பாத்தியில் ஒன்றும் இருக்காது. அங்கே போய் நின்றுகொண்டு ‘பறவையே இல்லை’ என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, பத்து மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் ஆடும். எந்தப் பைனாகுலரிலும் பறவை கொதிக்கிற தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும். சாயங்காலம் போகச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

தம்பி துபாயில் இருக்கிறான். பாலைவனத்தில் இதெல்லாம் கிடையாது என்கிறான். உண்மையா?

ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். துபாய் கடற்கழி முடிகிற இடத்தில் ராஸ் அல் கோர் சரணாலயம். 2007இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அலையாத்தி மரம், உப்புச்சேறு, பின்னால் வானுயரக் கட்டிடங்கள், முன்னால் பூநாரைக் கூட்டம். பார்ப்பதற்கு மறைவிடங்களும் கட்டியிருக்கிறார்கள். பாலைவன ஈரநிலத்தின் சூட்சுமமே சுற்றிலும் வேறு தண்ணீர் இல்லை என்பதுதான். மார்ச், ஏப்ரலில் வடக்கே போகிற பறவைக்கு இறங்க வேறு இடம் கிடையாது, எல்லாம் அங்கேயே வந்து குவியும். ராஜஸ்தானில் சாம்பார் ஏரியும் அதே வகை. பெயரைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம், அதுவும் உப்பு ஏரி.

நமக்கு மழை உண்டு, பச்சை உண்டு. ஆனாலும் ஏப்ரல் நாலு மணிக்குப் புத்தளத்து வரப்பில் நின்றால் குமரி மாவட்டத்துக்கும் ஒரு கையளவு பாலைவனம் இருப்பது தெரியும். தம்பியை ஒரு சாயங்காலம் போய் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் புத்தளத்தில் பார்த்த அதே இனங்களில் நாலைந்தை அவனும் பார்ப்பான்.

பறவைகளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? ஆப் போதாதா?

மெர்லின் ஆப் குரலைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் சொல்லும். தோட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. உப்பளத்துக் காற்றில் அதன் காது அடைத்துவிடும். அங்கே கண்தான்.

நான் பார்க்கிற வரிசை: அளவு, அலகின் நீளமும் வளைவும், காலின் நிறம், நடை. கால் சிவப்பா, பவளக்காலி. பச்சையா, பச்சைக்காலி. அலகு கீழே வளைந்ததா, வளைமூக்கு உள்ளான். நாலு அடி ஓடி, டக்கென்று நின்று, குனிந்து கொத்துகிறதா, உப்புக்கொத்தி குடும்பம். நிற்காமல் தைத்துக்கொண்டே போகிறதா, உள்ளான் குடும்பம். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், ஏப்ரலில் அது நாளுக்கு நாள் மாறும்.

தப்பும் வரும். போன வருஷம் சேற்றில் நின்ற ஒரு மூக்கனைப் பட்டைவால் மூக்கன் என்று குறித்துவிட்டு வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தேன். ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பறக்கும்போது இறக்கையில் பட்டையாக வெள்ளை, வாலில் அகலக் கறுப்பு. நம்ம கருவால் மூக்கன்தான். அடித்துத் திருத்தினேன். பட்டைவால் மூக்கன் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. 2022 அக்டோபரில் அந்த இனத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. முதுகில் கருவி பொருத்தியிருந்ததால் தெரியவந்தது.

அவ்வளவு தூரம் பட்டினியாகவா?

கிளம்புவதற்கு முன் தின்று தீர்த்துவிடுகின்றன. அதனால்தான் ஏப்ரலில் எந்த உள்ளானைப் பார்த்தாலும் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் கொழுப்பு சேரும், சில இனங்களில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூக்கன் போன்றவற்றில் கிளம்பும் சமயத்தில் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். பறக்கும்போது தேவையில்லாத சாமான் என்று இறக்கி வைத்துவிடுகிற மாதிரி.

இந்த நேரத்தில் ஒரு தடவை விரட்டினாலும் அன்றைய சேமிப்பில் கொஞ்சம் போய்விடும். படத்துக்காகக் கல் எறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், வாயையும் அடக்கமாட்டேன். கொத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் போய் உட்காருங்கள்.

எல்லாம் போய்விடுமா? ஜூனில் சிலவற்றைப் பார்த்ததாக நினைவு.

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். முதல் வருஷத்து இளம்பறவைகளில் சில ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிடும், இன்னும் குஞ்சு பொரிக்கும் வயது ஆகவில்லை. அவற்றுக்கு நிறமும் ஏறாது. போன பறவைகள் ஆகஸ்டிலேயே திரும்ப ஆரம்பித்துவிடும்.

தனியாகப் போவதில் அப்படி என்ன? நாலு பேராகப் போனால் நிறைய பார்க்கலாமே?

நிறைய பார்க்கலாம், அது உண்மை. எட்டுக் கண் இரண்டு கண்ணை விட நல்லது. புதிதாகப் பழகுகிறவர்கள் தெரிந்தவர் ஒருவரோடு போவதுதான் முறை. நானும் அப்படித்தான் கற்றேன்.

ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கு வெயில், ஒருவருக்குப் பசி, ஒருவருக்கு அடுத்த குளம். அந்த வளைமூக்கு உள்ளான் என் நிழல் வரைக்கும் வந்தது நான் இருபது நிமிஷம் வாய் திறக்காததால்தான். கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை பேசுகிறேன். முன்பக்கமா பின்பக்கமா, கலரா பிளாக் அண்ட் ஒயிட்டா. வருஷத்தில் ஒருநாள் பேசாமல் இருக்கவும் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணக்குடியில் சாயங்காலம் என்ன இருக்கிறது?

பழையாறு கடலில் சேர்கிற இடம். கோடையில் பெரும்பாலும் பொழிமுகத்தை மணல் அடைத்திருக்கும், காயல் அசையாமல் கிடக்கும். ஓரமாக அலையாத்தி மரங்கள். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே தூக்கிக்கொண்டு போனது, இப்போது இருப்பது அதற்கப்புறம் கட்டியது. ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் மணல்திட்டில் ஒரே திசையைப் பார்த்து, காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருக்கும். செம்பருந்து வட்டமிடும். இதெல்லாம் சாதாரண நாள்.

நான் போவது வேறொன்றுக்காக. கரையோரப் பறவைகளில் பலவும் நெடும்பயணத்துக்குக் கிளம்புவது அந்திப்பொழுதில்தான், ராத்திரி முழுக்கப் பறப்பதற்கு. மூன்று வருஷமாக ஏப்ரலில் வந்து நின்றும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கூட்டம் எழும், ஒரு வட்டம் அடிக்கும், மறுபடி அதே திட்டில் இறங்கும். நானும் வண்டியை எடுப்பேன்.

இந்தத் தடவை பார்த்தீர்களா?

ஆறு இருபதுக்குத் தங்க உப்புக்கொத்திகள் திட்டில் இருந்தன, எண்ணினேன், இருபத்தேழு. எல்லாம் நல்ல கறுப்பு, நாலைந்து மட்டும் திட்டுத்திட்டாக. கொத்தவில்லை, சும்மா நின்றன. ஒன்று இரட்டைக் குரலில் கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொன்னது. அப்புறம் எல்லாம் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்தன. என் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

எழுந்தன. ஒரு வட்டம். இறங்கிவிடும் என்று நினைத்தேன். இன்னொரு வட்டம், அது முதலாவதை விட உயரம். மூன்றாவது வட்டத்தில் தென்னை மட்டத்துக்கு மேலே போய்விட்டன. கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. மருந்துவாழ்மலைப் பக்கம் ஒரு கோணல் கோடாக நீண்டு, கோடு புள்ளியாகி, பைனாகுலரிலும் தெரியாமல் போன பிறகும் குரல் கொஞ்ச நேரம் கேட்டது.

“எங்க போவுது எக்கா?” என்றான் பையன்.

சொன்னேன். நம்பவில்லை. நோட்டில் 6.41, இருபத்தேழு, வடக்கே என்று எழுதிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தேன். ஏழரைக்கு வீடு. பிரிட்ஜில் இருந்த தோசை மாவு புளித்துப்போயிருந்தது.